சனிக்கிழமைப் பற்றரி

எங்கள் கற்பிட்டிப் பக்கத்தில் காற்றுக்குப் பஞ்சமே இல்லை. காற்றடிக்கும் மாதங்களில் ஆலங்குடாக் கடற்கரைக்கு வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வருவார்கள். பெரிய பட்டங்களை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரின் மேல் வழுக்கி ஓடுவார்கள். காற்றுக்காகவே அவ்வளவு தூரம் வருகிறார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில், அடுப்பு ஊதுவதற்குப் பற்றரியில் இருந்து காற்று எடுத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

என் பெயர் முபாறக். அப்போது ஆறாம் ஆண்டு. கணக்கில் கெட்டிக்காரன் என்று வகுப்பில் ஒரு பேச்சு உண்டு. அடுப்பைப் பற்றி அப்படி எந்தப் பேச்சும் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன்.

கற்பிட்டியில் இருந்து படகில் அரை மணி நேரம் போனால் ஒரு மணல் திட்டு வரும். அங்கே வீடு இல்லை, கடை இல்லை, மின்சாரமும் இல்லை. மீன் பிடிக்கிற காலத்தில் கடற்தொழிலாளிகள் ஓலைக் குடிசை போட்டுத் தங்குவார்கள். அதை வாடி என்போம். மற்றப்படி மணல், கண்டல் மரங்கள், என்னைக் கண்டால் மட்டும் ஓடாமல் முறைத்துப் பார்க்கிற நண்டுகள்.

அந்தத் திட்டில் ஒரு இரவு கூடாரம் போட்டுத் தங்க வேண்டும் என்பது எனக்கும் என் மூத்த சகோதரி ஸஃப்னா ராத்தாவுக்கும் இரண்டு வருட ஆசை. ராத்தா பாடசாலையில் சாரணியர் படையில் இருக்கிறாள். கூடாரத்தை இரவல் வாங்குவது அவளுக்குப் பெரிய வேலை இல்லை. பெரிய வேலை வாப்பாவைச் சம்மதிக்க வைப்பதுதான்.

வாப்பா மன்னாரில் பிறந்தவர். பத்து வயதில் இடம்பெயர்ந்து புத்தளத்துக்கு வந்தவர். நாங்கள் கூடாரம் என்று வாயைத் திறந்தாலே அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்.

“நான் ரெண்டு வருசம் முகாமில கூடாரத்துக்குள்ள கிடந்தவன். இப்ப ஆசைப்பட்டு வேற போய்க் கிடக்கவா?”

இதற்கு மேல் யார் என்ன சொல்வது? ஆனால் உண்மையான காரணம் அது இல்லை என்று எனக்கும் ராத்தாவுக்கும் தெரியும். உண்மையான காரணம், அரை இறாத்தல் பாண் அளவில் வாப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது.

அதன் பெயர் சீபாப் மெசின். வாப்பா நித்திரை கொள்ளும்போது அவருடைய தொண்டை உள்ளே சுருங்கி மூடிக்கொள்ளும். மூச்சு தடைப்படும். அந்த மெசின் ஒரு குழாய் வழியாக, மூக்கில் மாட்டுகிற மூடிக்குள் மெல்லக் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். காற்று உள்ளே போய்த் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும். அவ்வளவுதான் விஷயம். மூடியை மாட்டிக்கொண்டால் வாப்பா குட்டி யானை போல இருப்பார். இதை நான் ஒரு தடவைதான் சொன்னேன். மறு தடவை சொல்ல உம்மா விடவில்லை.

வாப்பா பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வான் ஓட்டுகிறவர். மெசின் வருவதற்கு முன், ஒரு நாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வானோடு திரும்பி வரும்போது, ஸ்டியரிங்கிலேயே நித்திரையாகி உப்பளத்து வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டார். அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, வாய்க்காலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகுதான் கொழும்பில் பரிசோதனை, டொக்டர், மெசின் எல்லாம். அன்றிலிருந்து வாப்பாவுக்கு ஒரு சட்டம்: மெசின் போட்டுப் படுக்காத இரவுக்கு அடுத்த நாள் வான் ஓட்டுவதில்லை.

மெசினுக்கு மின்சாரம் வேண்டும். அதனால் இரண்டு வருடமாக வாப்பா வெளியில் ஓர் இரவும் தங்கவில்லை. மன்னாரில் கல்யாணம் என்றால் சாப்பிட்ட கையோடு திரும்பி விடுவார். கேட்பவர்களிடம் முதுகு வலி என்பார். மெசினைப் பற்றி வெளியில் கதைக்கக் கூடாது என்பது எங்களுக்கும் சட்டம்.

அந்த வருடம் வெளிநாட்டில் இருக்கிற சுல்பா மாமி மெசினுக்கென்றே ஒரு சின்னப் பற்றரி அனுப்பினார். சவர்க்காரக் கட்டி இரண்டை ஒட்டி வைத்த அளவு. அதன் முதுகில் நாலு பச்சை விளக்குகள். நிறையச் சார்ஜ் போட்டால் ஒரு முழு இரவுக்குக் காணும். வாப்பா வீட்டிலேயே ஐந்து இரவு அதில் படுத்துப் பரிசோதித்தார். பிறகு ஒரு நாள் சோறு சாப்பிட்டுக்கொண்டே, “சனிக்கிழமை போவமா?” என்றார். ராத்தாவுக்குப் புரை ஏறிவிட்டது.

இப்படியாக ஒரு சனிக்கிழமை காலையில் பாறூக் நானாவின் படகில் நாங்கள் நாலு பேரும் திட்டில் போய் இறங்கினோம். பாறூக் நானா அங்கே வாடி போட்டிருப்பவர். மறுநாள் காலை ஏழு மணிக்கு எங்களைத் திரும்பக் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. ஞாயிறு பத்து மணிக்கு வாப்பா அஹதிய்யா மார்க்கப் பள்ளிப் பிள்ளைகளைக் குர்ஆன் ஓதும் கிறாஅத் போட்டிக்குப் புத்தளத்துக்கு ஏற்றிப் போக வேண்டும்.

கூடாரம் அடித்தோம். இரண்டு தடவை விழுந்தது. நான் பிடித்திருந்த பக்கம்தான் இரண்டு தடவையும் விழுந்தது என்பதை ராத்தா சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

பிறகு உம்மா மணலில் குழி தோண்டி, காற்றுப் படாமல் சுற்றிவரத் தேங்காய்ப் பொச்சு மட்டை அடுக்கி, சிரட்டைக் கரியில் அடுப்பு மூட்டினார். ஓரா மீன் சுடுவதற்கு. வாப்பாவும் ராத்தாவும் குளிக்கப் போனார்கள். உம்மா மீன் கழுவத் தண்ணீர் ஓரத்துக்குப் போனார். போகும்போது என் கையில் ஒரு மட்டைத் துண்டைத் தந்து, கரி அணையாமல் விசிறச் சொன்னார்.

விசிறினேன். ஒரு பத்து நிமிடம் இருக்கும். கை வலித்தது. சுற்றிலும் ஊரையே தூக்கிக்கொண்டு போகிற காற்று. குழிக்குள் மட்டும் ஒரு மூச்சுக் காற்று இல்லை.

அப்போதுதான் மெசின் நினைவுக்கு வந்தது.

கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, குழாயின் நுனியை இரண்டு மட்டைக்கு நடுவே செருகி, மெசினின் பித்தானை அமர்த்தினேன். கரி பழுத்த மிளகாய் போலச் சிவந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். உம்மா மீனோடு வரும் சத்தம் கேட்டதும் குழாயை எடுத்து, பித்தானை மறுபடி அமர்த்தி, மெசினைத் துவாயில் சுற்றிப் பையில் வைத்தேன்.

இங்கேதான் பிழை. அந்த மெசினில் இரண்டு பித்தான்கள் உண்டு. ஒன்று நிறுத்துவது. மற்றது, படுத்தவுடன் முகத்தில் அடிக்காமல் காற்றை மெதுவாக்குவது. நான் அமர்த்தியது இரண்டாவதை. சத்தம் அடங்கியது. மெசின் நிற்கவில்லை. துவாய்க்குள் இருந்து அது மீன் சுட்ட புகையை இழுத்து இழுத்து, நாலு மணி நேரம் யாருக்கோ காற்று ஊதிக்கொண்டே இருந்தது.

பின்நேரம் அஸர் தொழுதுவிட்டு வாப்பா பையைத் திறந்தார். முதலில் குழாயை மோந்து பார்த்தார்.

“முனவ்வரா, இதில ஏன் மீன் வாசம்?”

உம்மா ராத்தாவைப் பார்த்தார். ராத்தா என்னைப் பார்த்தாள். நான் பார்ப்பதற்கு அங்கே வேறு யாரும் இருக்கவில்லை. ஒரு பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். நண்டு செய்தது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். அதனால் உள்ளதைச் சொன்னேன்.

வாப்பா ஏசவில்லை. பற்றரியைத் திருப்பிக் காட்டினார். நாலு பச்சை விளக்குகளில் மூன்று செத்துவிட்டன. ஒன்று செம்மஞ்சளாகி, கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

“சரி,” என்றார். “கட்டுங்க. வீட்ட போவம்.”

அவ்வளவுதான். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ராத்தா ஏசினாள். காற்றை விற்கிற ஊரில் காற்று வாங்கிய கழுதை என்றாள். இனி வாப்பாவை எங்கேயும் கூப்பிட முடியாது, இதோடு எல்லாம் முடிந்தது என்றாள். அதுதான் எனக்குக் குத்தியது. வாப்பா கூடாரக் கயிற்றை அவிழ்க்கும்போது, ‘நான் அப்பவே சொன்னனே’ என்கிற முகம் அவரிடம் இல்லை. பெருநாள் உடுப்பை மறுபடி அலுமாரிக்குள் வைக்கிற பிள்ளையின் முகம் இருந்தது.

நான் அவர் பக்கத்தில் போய், மெசின் இல்லாமல் ஒரு இரவு படுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“நான் குறட்டை விடுவன். போற கப்பலெல்லாம் வெளிச்சவீட்டுச் சங்கு எண்டு நினைச்சு இஞ்ச திரும்பும்,” என்றார்.

உம்மாவிடம் கேட்டேன். ஒன்றும் ஆகாது, போய்ச் சட்டியைக் கழுவு என்றார். ராத்தாவிடம் கேட்டேன். அதைத் தெரிந்துகொண்டு அடுப்பு ஊதியிருக்கலாமே என்றாள். ஒரு கேள்விக்கு மூன்று பதில்கள். மூன்றும் பதில் இல்லை.

திரும்பிப் போகவும் ஒரே ஒரு வழிதான் இருந்தது. பாறூக் நானாவின் படகு பொழுது சாயும் மஃரிபோடு கடலுக்குப் போய்விடும், விடியத்தான் வரும். ஆனால் திட்டின் மறு முனையில் யோசேப்பு மாமாவின் வாடி இருந்தது. அவர் அன்று பின்நேரம் ஐந்தரைக்குக் கரைக்குப் போவதாகக் காலையில் சொல்லியிருந்தார். ஓடிப் போய், நாலு பேருக்கு இடம் வைக்கச் சொல்லிவிட்டு வா என்று வாப்பா என்னை அனுப்பினார்.

வழியில் பாறூக் நானாவின் வாடி. அவரும் மற்ற மூன்று பேரும் படகில் வலையை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாடிக் கூரையில் ஒரு சோலர் தகடு. அதிலிருந்து வயர் இறங்கி, ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் போனது. பெட்டிக்குள் வான்களுக்குப் போடுவது போன்ற பற்றரி. பெட்டியின் பக்கத்தில் போன் சார்ஜ் போடுகிற வட்ட ஓட்டை.

அந்த ஓட்டையைக் கண்டதும் என் கால் நின்றுவிட்டது. அதே ஓட்டை எங்கள் வானிலும் இருக்கிறது. மெசினை வானில் செருகுகிற வயரும் எங்கள் பையில் இருக்கிறது. வாப்பா எதையும் விட்டுவிட்டு வருகிறவர் இல்லை. வானைத்தான் விட்டுவிட்டு வந்தோம்.

பாறூக் நானாவிடம் பற்றரியை ஒரு இரவுக்குக் கேட்டேன். அவர் வலை அடுக்குவதை நிறுத்தாமல், அது வலை விளக்குக்கு என்றார். இருட்டில் வலையை விட்டால் அதன் முனையில் ஒரு விளக்கு மின்னிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு படகு தெரியாமல் மேலே ஓடி வலையை வெட்டிவிடும்.

பிறகு என் முகத்தைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை, அவர் படகில் இருந்து இறங்கி வந்து பெட்டியின் வயரைக் கழற்றப் போனார்.

“கொண்டு போ மகன். நாங்க ஒரு நாள் போகாட்டி கடல் வத்திப் போகாது.”

படகில் இருந்த மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் தேத்தண்ணிப் போத்தலை நிறைத்து மடியில் வைத்திருந்தார். இன்னொருவர் வலையின் கடைசி மடிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, போடுவதா விடுவதா என்று பார்த்தார். எனக்குப் பற்றரியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் போல இருந்தது. ஆனால் கணக்குச் சரிவரவில்லை.

“வேணாம் நானா,” என்றேன். “ஒரு ஆளைப் படுக்க வைக்க நாலு பேரைப் படுக்க வைக்க ஏலாது.”

பாறூக் நானா சிரித்தார். “நீங்க வியாழக்கிழமை வந்திருக்கோணும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடியும் வரைக்கும் நாங்க ஒருத்தரும் கடலுக்கு இறங்கிறல்ல. எங்கட ஆக்கள்ட நாலு படகுப் பற்றரியும் சும்மா கிடந்திருக்கும்.”

சலாம் சொல்லிவிட்டு நடந்தேன். மனம் வியாழக்கிழமையிலேயே நின்றது. வெள்ளிக்கிழமை நமக்கு. அதனால் வியாழன் இரவு நம்முடைய பற்றரிகள் தூங்கும். இன்றைக்குச் சனிக்கிழமை. சனிக்கிழமை இரவு எந்தப் பற்றரி தூங்கும்?

யோசேப்பு மாமாவின் வாடி கண்ணுக்குத் தெரிந்தது. அவர் கண்டல் கிளையில் ஒரு கண்ணாடியைக் கொழுவி, முகம் நிறையச் சவர்க்கார நுரையோடு முகம் வழித்துக்கொண்டிருந்தார். கயிற்றில் வெள்ளைச் சேர்ட் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வாடியின் இரண்டு படகுகளில் ஒன்றை மணலில் உயர இழுத்துக் கவிழ்த்திருந்தார்கள்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. பூசை.

கடைசித் துண்டை ஓடியே போனேன்.

“யோசேப்பு மாமா, இண்டைக்கு ராவைக்கு உங்கட பற்றரிக்கு என்ன வேலை?”

அவர் கண்ணாடியில் இருந்து திரும்பாமலே சொன்னார். “என்ன வேலை? அதையும் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போறதோ?”

“அப்ப எனக்குத் தாங்க. நாளைக்குக் காலையில தந்திருவன். வாப்பா உங்கட படகில நாலு பேருக்கு இடம் கேட்டவர். பற்றரி தந்தா இடம் வேண்டாம்.”

“இடம் வேணுமோ, வேண்டாமோ? ஆறுதலாச் சொல்லு. எதுக்குப் பற்றரி? பாட்டுக் கேக்கவோ?”

ஓம் என்று சொல்லியிருக்கலாம். வாயில் இருந்தது. வீட்டுச் சட்டமும் அப்படித்தான் சொன்னது: மெசினைப் பற்றி வெளியில் கதைக்கக் கூடாது. ஆனால் பாட்டுக் கேட்க என்று சொல்லி ஒருவருடைய பற்றரியை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அன்றைக்கு ஏற்கனவே ஒரு பற்றரியில் பாவம் செய்தவன் நான்.

“வாப்பாக்கு நித்திரையில மூச்சு நிக்கும் மாமா,” என்றேன். “அதுக்கு ஒரு மெசின் இருக்கு. அதிட பற்றரியை நான் முடிச்சிட்டன்.”

யோசேப்பு மாமாவின் கை நின்றது. பாதி முகம் வழித்தபடி, பாதி முகம் நுரையோடு என் பக்கம் திரும்பினார்.

“குறட்டை விடுவாரோ?”

“பயங்கரமா.”

“பகல்ல இருந்த இடத்திலேயே தூங்கி விழுவாரோ?”

“மெசின் வர முந்தி. இப்ப இல்ல.”

அவர் கவிழ்த்த படகில் போய் உட்கார்ந்தார். சவரக் கத்தியை மடியில் வைத்தார்.

“என்ட மனிசி றோசா எனக்கும் இதைத்தான் சொல்றவ,” என்றார். “நித்திரையில உங்களுக்கு மூச்சு நிக்குது எண்டு. எனக்கு ஏச ஒரு சாட்டு எண்டுதான் நான் நினைச்சனான்.”

பிறகு எழுந்து, வாடிக்குள் போய்ப் பற்றரிப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார். பகல் முழுக்க வெயிலில் சார்ஜ் ஏறி நிறைந்திருந்த பற்றரி. நான் தூக்குகிறேன் என்றேன். நீ தூக்கினால் நாளைக்கு உன்னைத்தான் சார்ஜ் போட வேணும் என்றார். முகத்தின் மறு பாதியை வழிக்க வேண்டும் என்பதை நான் நினைவுபடுத்தினேன். அது காதில் விழவில்லை. முன்னால் நடந்தார்.

நாங்கள் போய்ச் சேரும்போது கூடாரம் சுருட்டியாகிவிட்டது. உம்மா பாயில் உட்கார்ந்து முட்டைக்கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். தோளில் பெட்டியோடும் பாதி நுரையோடும் வருகிற யோசேப்பு மாமாவைக் கண்டதும் வாப்பா எழுந்து நின்றார். பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சட்டத்தை உடைத்தவன் யார் என்று அவருக்கு விளங்கிவிட்டது. நான் யோசேப்பு மாமாவுக்குப் பின்னால் கொஞ்சம் நகர்ந்து நின்றேன். நல்ல அகலமான ஆள் அவர்.

“என்ன ஜப்பார், முதுகு வலி எப்பிடி?” என்று யோசேப்பு மாமா கேட்டார்.

வாப்பாவின் காது சிவந்தது. “கொஞ்சம் மேல ஏறி மூக்குக்கு வந்திட்டுது,” என்றார்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அதோடு அந்த விஷயம் முடிந்தது. இரண்டு வருடமாகக் காத்த இரகசியம் ஒரு சிரிப்பில் முடிந்தது எனக்கே ஆச்சரியம்.

வாப்பா வயரைச் செருகினார். மெசின் எழும்பவில்லை. மறுபடி செருகினார். இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இந்த முறை நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. யோசேப்பு மாமா ஓட்டைக்குள் எட்டிப் பார்த்து, எல்லாம் உப்புக் காற்றின் வேலை என்றார். வயரைக் கழற்றிவிட்டு, மீன் வெட்டும் கத்தியின் நுனியால் உள்ளே பச்சை பிடித்திருந்ததைச் சுரண்டினார். ராத்தா துணித் துண்டால் துடைத்துக் கொடுத்தாள். மூன்றாம் தடவை மெசினின் சின்னத் திரையில் வெளிச்சம் வந்தது. குழாயின் நுனியில் கையை வைத்தேன். காற்று. மெல்லிய, மீன் வாசக் காற்று.

யோசேப்பு மாமா அதை விட்டு நகரவில்லை. மூடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போட்டுப் படுக்கும்போது எப்படி இருக்கும் என்று கேட்டார். ஓடுகிற லொறியில் தலையை வெளியில் நீட்டின மாதிரி என்று வாப்பா சொன்னார். அது முதல் கிழமை மட்டும்தான், பிறகு அது இல்லாமல் நித்திரை வராது என்றார். பரிசோதனைக்கு ஒரு இரவு ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும், உடம்பெல்லாம் வயர் ஒட்டுவார்கள், கிறிஸ்மஸ் மரம் மாதிரி இருப்பாய் என்றார். வாப்பா இவ்வளவு கதைத்ததை நான் கண்டதில்லை. வீட்டில் மெசினைப் பற்றிக் கேட்டால் நாலு சொல்லுக்கு மேல் வராது.

கடைசியில் பிஸ்கட் பெட்டி மட்டையைக் கிழித்து, அதில் டொக்டரின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

“தனியப் போகாத. எனக்கு லீவு நாள் சொல்லு, நான் கூட்டிக்கொண்டு போறன்.”

யோசேப்பு மாமா மட்டையைச் சேர்ட் பையில் வைக்கப் போய், சேர்ட் போடவில்லை என்பதை அப்போதுதான் கண்டார். மட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு வாடிப் பக்கம் ஓடினார். பிறகு அவருடைய படகு எங்களைக் கடந்து கரைக்குப் போனது. வெள்ளைச் சேர்ட், வாரிய தலை, முகத்தில் ஒரு பக்கம் மட்டும் தாடி. கையை ஆட்டினார். றோசா மாமி என்ன சொல்லியிருப்பார் என்பதை நான் இன்றைக்கும் கற்பனை செய்துகொள்கிறேன்.

கூடாரத்தை மறுபடி அடித்தோம். என்னைக் கயிற்றைத் தொட வேண்டாம் என்று ராத்தா சொன்னதால் அது ஒரே தடவையில் நின்றது.

மஃரிபுக்குப் பிறகு சாப்பாடு. பாணும் சம்பலும் பகல் மீனில் மிச்சமும். மேற்கே இன்னும் சிவப்பு மாறவில்லை. கடலில் பாறூக் நானா ஆட்களின் வலை விளக்குகள் ஒவ்வொன்றாக மின்னத் தொடங்கின. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலும் இருந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது.

வாப்பா கூடாரத்துக்குள் மூடியை மாட்டிப் பார்த்து, வாரைச் சரி செய்து, கழற்றி வைத்தார். பற்றரிப் பெட்டியைத் தலைமாட்டில் மணல் படாமல் பலகைத் துண்டின் மேல் வைத்தார். நான் வாசலில் குந்தி, அந்தக் கேள்வியை மறுபடி கேட்டேன். இந்த முறை யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. பொதுவாகக் கேட்டேன்.

“இது இல்லாமப் படுத்தா உண்மையில என்ன ஆகும்?”

வாப்பா சிரித்துக்கொண்டு, “கப்பல் எல்லாம்...” என்று தொடங்கினார்.

“விடுங்க,” என்றார் உம்மா. “பிள்ளை நாலு தரம் கேட்டுட்டான்.”

அவர் பாயில் இருந்த மணலைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“ஒரு ராவில உயிர் போகாது எண்டு டொக்டர் சொன்னவர். ஆனா மூச்சு நிக்கும் மகன். குறட்டை பெரிசாப் போய்க்கொண்டிருக்கும், சட்டெண்டு சத்தம் இல்லாமப் போகும். அப்ப நான் எண்ணத் தொடங்குவன். ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு. இருவதுக்குள்ள வந்திட்டா பரவால்ல. ஒருநாள் நாப்பத்திமூண்டு வரைக்கும் எண்ணினன். நாப்பத்தினாலுல தட்டி எழுப்புவம் எண்டு கையைத் தூக்க, திடுக்கிட்டு மூச்சு எடுத்தார். விடியும் வரைக்கும் இப்பிடித்தான். அவர் ஸ்டியரிங்கில தூங்கினவர், நான் அடுப்படியில தூங்கினனான்.”

வாப்பா மூடியின் வாரைக் கையில் வைத்தபடி உம்மாவைப் பார்த்தார். அவரும் இந்தக் கதையை இப்போதுதான் கேட்கிறார் போல.

“நீ எனக்குச் சொல்லல்லயே,” என்றார்.

“நீங்க நித்திரையில இருந்தீங்க,” என்றார் உம்மா. “இந்த மெசின் வந்த பிறகுதான் நானும் படுக்கிறன். இண்டைக்கும் எண்ணத் தேவையில்ல.”

சொல்லிவிட்டு, தலையணையைத் தட்டிப் போட்டு, எங்கள் எல்லாருக்கும் முதல் ஆளாகப் படுத்துக்கொண்டார்.